ஊடுருவும் மார்புக் காயம்: குறிப்பும் குறியீடும்

அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளுக்கு ஐசிடி-10-சிஎம் என்னும் நோய், காய வகைப்பாட்டு முறையில் குறியீடு இடும்போது, மார்பின் திறந்த காயங்கள் எஸ்21 என்னும் வகைக்குள் வருகின்றன. கத்தியோ தோட்டாவோ நெஞ்சறைக்குள் நுழைந்ததா, மார்புச் சுவரோடு நின்றுவிட்டதா என்பதே அங்கு முதற்கேள்வி. முன்சுவரில் நுழையாத காயம் எஸ்21.1, நுழைந்த காயம் எஸ்21.3, முதுகுப்புறச் சுவரில் இவை முறையே எஸ்21.2, எஸ்21.4. ஐந்தாம் இடம் காயம் கிழிந்ததா, துளைத்ததா, உள்ளே அந்நியப் பொருள் தங்கியதா என்பதையும், ஆறாம் இடம் வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதையும் குறிக்கும்.

ஆகவே, 'இடது முன்மார்பில் 3 செ.மீ. கத்திக்குத்து, தையல் இடப்பட்டது' என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தால், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் குறிப்பு முழுமையாகாது. காயம் நுரையீரல் உறையைக் கடந்ததா என்பதும், அது சிடி ஸ்கேனில் தெரிந்ததா, அறுவையின்போது நேரில் காணப்பட்டதா என்பதும் எழுதப்பட வேண்டும். எக்ஸ்ரே அறிக்கையில் காற்றுக்கசிவு (நுரையீரல் உறைக்குள் காற்று சேர்தல்) என்று கண்டவுடன் ஊடுருவலைத் தாமாகவே ஊகித்துக் குறியீடு இடும் பழக்கத்தைக் கோடர்கள், அதாவது குறிப்புகளைப் படித்துக் குறியீடு இடுவோர், அறவே கைவிட வேண்டும். ஊகம் எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் முடிவு மருத்துவருடையது. அவரிடம் 'இது ஊடுருவிய காயம்தானே?' என்று கேட்பதும் விடையைத் திணிப்பதாகும். 'காயம் நெஞ்சறைக்குள் ஊடுருவியதா, ஊடுருவவில்லையா, தீர்மானிக்க இயலவில்லையா என்பதைத் தங்கள் மருத்துவக் கணிப்பின்படி பதிவு செய்யவும்' என்று கேட்பதே முறை.

எஸ்21 சுவரின் காயத்தை மட்டுமே சொல்கிறது. உள்ளுறுப்புச் சேதத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும். தாக்குதலில் கத்தி இடது முன்சுவரைக் கிழித்து உள்நுழைந்து, நுரையீரல் உறைக்குள் இரத்தமும் காற்றும் சேர்ந்திருந்தால், மிகக் கடுமையான காயம் முதலில் வரவேண்டும் என்ற விதிப்படி எஸ்27.2எக்ஸ்எக்ஸ்ஏ முன்னும், எஸ்21.312ஏ அடுத்தும், புறக்காரணமாக எக்ஸ்99.1எக்ஸ்எக்ஸ்ஏ (கத்தியால் தாக்குதல்) பின்னும் நிற்கும்; புள்ளிக்குப் பின் வரும் 'எக்ஸ்எக்ஸ்' வெற்றிடங்களை நிரப்பும் எழுத்துகளே. காற்று மட்டும் என்றால் எஸ்27.0, இரத்தம் மட்டும் என்றால் எஸ்27.1. தானாக ஏற்படும் காற்றுக்கசிவுக்கான ஜே93 இங்குப் பொருந்தாது. இதயக் கிழிசலுக்கு எஸ்26 வகையில் இதய அறை துளைக்கப்பட்டதா, ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளா என்பதைப் பொறுத்துக் குறியீடு மாறுவதால், அறுவைக் குறிப்பில் அதை வெளிப்படையாக எழுதுமாறு அறுவை மருத்துவரிடம் வலியுறுத்துவது நல்லது.

காயம் தாக்குதலால் வந்ததா, விபத்தால் வந்ததா என்னும் நோக்கம் பற்றிக் குறிப்பில் எதுவும் இல்லையெனில் விபத்து என்றே கொள்ள வேண்டும். 'தீர்மானிக்க இயலாதது' என்ற குறியீடு, மருத்துவரே அவ்வாறு பதிந்திருந்தால் மட்டுமே உரியது.

ஏழாம் இடத்து ஏ என்னும் எழுத்தை முதல் வருகை என்று பலர் பொருள் கொள்கின்றனர்; ஆனால் காயத்துக்கான தீவிர சிகிச்சை தொடரும் வரை, மருத்துவர் மாறினாலும், ஏ தொடரும். ஆறும் காலத்துக்கான வழக்கமான கவனிப்பு தொடங்கிய பின்னரே டி, பின்விளைவுகளுக்கு எஸ்.