கார் கீச்சிட்டால் எண்ணெய்ப் போத்தலை எடுக்காதீர்கள்

காலையில் காரை ஸ்ரார்ட் பண்ணுகிறீர்கள். பொனெற்றுக்குள்ளிருந்து 'கீச்ச்ச்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உதுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டாச் சரி" என்பார். அவரில் பிழையில்லை. கிணற்றுக் கப்பி கத்தினால் எண்ணெய், கேற் பிணைச்சல் கத்தினால் எண்ணெய் என்று பழகிய ஊர் இது. ஆனால் காரில் கத்துவது பெரும்பாலும் பெல்ற்: இஞ்சினின் சுழற்சியைத் தண்ணீர்ப் பம்பு, ஏசி போன்றவற்றுக்குக் கொண்டுபோகும் ரப்பர்ப் பட்டி. கப்பியின் அச்சு வழுக்கிச் சுழல வேண்டும். பெல்ற் வழுக்கவே கூடாது, அது பிடித்து இழுக்கிற சாமான். எண்ணெயோ, டபிள்யூ.டி. 40-ஓ, சவர்க்காரமோ பூசினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், எங்கள் செம்மண் தூசி அதில் அப்பிக்கொள்ளும், சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

அதற்கு முன்னரே நடக்கிற ஒரு பிழை உண்டு: சத்தம் இஞ்சினிலா என்றே பார்க்காமல் விடுவது. காரை நிறுத்தி வைத்து அக்சிலறேற்றரை மெல்ல அமத்துங்கள். சத்தமும் சேர்ந்து ஏறினால் இஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் பிறேக்கையும் சில்லையும் பாருங்கள்.

என்னுடைய பழைய காருக்கு ஒரே வருடத்தில் இரண்டு பெல்ற் மாற்றினேன். மாற்றிய கிழமை அமைதி, அடுத்த மாதம் திரும்பவும் கீச்சு. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் ரோச் அடித்துக் காட்டினார். தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள சின்னத் துவாரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாய் ஒரு படை காய்ந்திருந்தது. பம்பின் சீல் போய், இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் சொட்டுச் சொட்டாகப் பெல்ற்றில் விழுந்திருக்கிறது. இரண்டு பெல்ற்றும் நல்ல பெல்ற்றுகள்தான். ஏன் கத்துகிறது என்று பாராமல் மாற்றியதுதான் பிழை. சீலைக் கெடுத்ததில் என் பங்கும் இருந்திருக்கலாம். ரேடியேற்றருக்குள் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் விட்டவன் நான். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வரும் தண்ணீர் கேத்திலுக்குள் என்ன செய்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே வெள்ளைப் படைதான் அங்கேயும்.

காரணம் தேட ஒரு மலிவான வழி உண்டு. இஞ்சின் ஓடும்போது, எட்ட நின்று, பெல்ற்றின் உட்பக்கத்தில் கொஞ்சம் வெறும் தண்ணீரை விசிறுங்கள். சத்தம் உடனே அடங்கிச் சில விநாடியில் திரும்பினால் பெல்ற் ஓடும் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். இன்னும் கூடினால் பெல்ற் தளர்வு. எந்த மாற்றமும் இல்லையென்றால் சுழலும் அச்சைத் தாங்குகிற ஏதோ ஒரு பெயாரிங்: பெற்றறியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரனேற்றரா, தண்ணீர்ப் பம்பா, ஏசி கம்பிரசரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டதும் கத்தினால் அந்தப் பக்கமே முதலில். இதையெல்லாம் சாரத்தோடு குனிந்து நின்று செய்யாதீர்கள். ஓடுகிற பெல்ற் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

சத்தம் போகட்டும் என்று பெல்ற்றை வீணைக் கம்பிபோல் இறுக்குவது இன்னொன்று. சத்தம் போகும், பின்னால் ஓல்ரனேற்றர் பெயாரிங்கும் போகும். ஒஸ்ரின், மொறிஸ் காலத்து ஆட்கள் பெருவிரலால் அமத்தி அரை அங்குலம் இறங்கினால் சரி என்பார்கள். அந்த வகைப் பெல்ற்றுக்கு அது நல்ல கணக்கு. தானாக இறுக்கும் ரென்சனர் உள்ள கார்களில் அது செல்லாது. அங்கே தளர்ந்தால் ரென்சனரையே பார்க்க வேண்டும்.

ஹைபிறிட்காரருக்கு ஒரு வார்த்தை. ரொயோற்றாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் (2009இல் வந்தது) அக்குவாவிலும் இந்த வெளிப் பெல்ற்றே கிடையாது. அவற்றுக்கு "பெல்ற் மாத்தோணும்" என்று யாராவது சொன்னால் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஐ.எஸ்.ஜி. (ஓல்ரனேற்றராகவும் ஸ்ரார்ட்டராகவும் வேலை செய்யும் மோட்டர்) உள்ள சுசூகி வாகன்ஆரில் கதை நேர்மாறு: சந்தியில் நின்ற இஞ்சினைத் திரும்ப எழுப்புவதே பெல்ற்தான். அளவு சரியென்று கிடைத்த மலிவுப் பெல்ற்றைப் போடும் இடம் அதுவல்ல.

கார்த்திகை மழையில் நனைந்த கார் காலையில் ஒரு நிமிடம் கத்தி ஓய்ந்தால் பதறத் தேவையில்லை. ஈரம் காய்ந்தால் சரி. வெயில் நாளிலும் தொடர்ந்தால் விடக்கூடாது. பல கார்களில் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. ஏ9 வீதியில் முறிகண்டி தாண்டி பெற்றறி லைற் எரிந்து, சூட்டு முள்ளும் ஏறத் தொடங்கினால் பெல்ற் அறுந்திருக்கலாம். வவுனியா மட்டும் உருட்டிப் பார்ப்போம் என்று ஓடினால் இஞ்சினே போய்விடும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கராச்சுக்குப் போகும்போது சத்தம் வராது. அது எப்போதும் அப்படித்தான். ஆகவே காலையில், குளிர்ந்த இஞ்சினில், பொனெற்றைத் திறந்து வைத்துப் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள்.