ஸ்பானிய உணவுப் பட்டியலை ஆங்கிலத்தில் பெயர்ப்பது எப்படி

ஸ்பானிய உணவுப் பட்டியலைப் பெயர்க்க உட்காருபவர், சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடுவதற்கு முன், தட்டில் என்ன வரும் என்று சமையலறையில் கேட்டுவிட வேண்டும். அகராதியை மட்டும் நம்பினால் 'ரோபா வியேஹா' என்பது 'பழைய துணி' ஆகிவிடும். உண்மையில் அது கியூபாவில் பெரிதும் விரும்பப்படும், நார் நாராகப் பிய்த்துத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த மாட்டிறைச்சி. 'தொசினோ தே சியேலோ' என்ற 'வானத்துப் பன்றிக்கொழுப்பில்' பன்றியே இல்லை; முட்டையின் மஞ்சள் கருவையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு அது. எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ராப்பே' என்னும் மீன். இதன் எழுத்துகள் ஆங்கிலத்தில் வன்புணர்வைக் குறிக்கும் சொல்லாகவே அமைவதால், பெயரை அப்படியே விடாமல் 'மாங்க்ஃபிஷ்' என்று மாற்றியே தீர வேண்டும்.

பட்டியல் எந்த நாட்டுக்குரியது என்பதும் முக்கியம். ஸ்பெயினில் 'தோர்த்தியா' உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தடித்த ஆம்லெட். மெக்சிகோவிலோ அது மக்காச்சோளத்திலோ கோதுமையிலோ செய்த மெல்லிய ரொட்டி. ஸ்பெயினில் 'கார்த்தா' என்பதே முழுப் பட்டியல். 'மெனு தெல் தியா' என்பது ஒரே விலைக்குக் கிடைக்கும் மதிய உணவுத் தொகுப்பு என்பதால், 'செட் லஞ்ச்' என்பதே பொருந்தும்.

சமைக்கும் முறையைக் குறிக்கும் சொற்களில் அவசரம் கூடாது. 'ஆ லா பிளாஞ்சா' சூடான, தட்டையான இரும்புத் தகட்டில் வாட்டியது, 'ஆ லா பிராசா' கரி நெருப்பில் சுட்டது; இரண்டையும் வெறும் 'கிரில்டு' என்று எழுதினால் வேறுபாடு காணாமல் போகும் என்பதால், பின்னதற்குச் 'சார்கோல்' என்ற முன்னொட்டைச் சேர்க்கலாம். 'அவனில் சமைத்தது' எனப் பொருள்படும் 'அல் ஓர்னோ' என்பதற்கு மீனானால் 'பேக்ட்', இறைச்சியானால் 'ரோஸ்ட்' என எழுதுவதே ஆங்கில வழக்கம்.

பயேயா (அரிசி உணவு), கஸ்பாச்சோ போன்ற பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. கஸ்பாச்சோவுக்குக் 'குளிர்ந்த தக்காளி சூப்' என ஒரு சிறு விளக்கம் போதும். 'ஹமோன்' என்பதை 'ஹாம்' என்று மட்டும் எழுதினால், பலர் வேகவைத்த இறைச்சியையே எதிர்பார்ப்பார்கள். உப்பிட்டு உலர்த்தியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இறால், நண்டு, மட்டி போன்ற கடலுணவைப் பொதுவாகக் குறிக்கும் 'மரிஸ்கோ' என்ற சொல்லில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதி, 14 ஒவ்வாமைப் பொருள்களில் இறால், நண்டு வகைகளையும் மட்டி, கணவாய் வகைகளையும் தனித்தனியாகவே கணக்கிடுகிறது. ஆகவே 'சீஃபுட்' என்று பொதுவாக எழுதி முடிக்காமல், அந்தத் தட்டில் எது சேர்கிறது என்று சமையல்காரரிடம் கேட்டு அதன் பெயரையே எழுதுங்கள்.