கடைக்குள் வீடியோ எடுக்கிறீர்களா? முதலில் கேமரா ஷட்டரைப் பாருங்கள்

பாண்டி பஜாரிலோ ரிச்சி தெருவிலோ ஒரு கடைக்குள் நின்று யூடியூபுக்கு எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பின்னால் உள்ள சுவரில் கறுப்புப் பட்டை மேலும் கீழுமாக ஓடுகிறது. கேமராவைத் திட்டாதீர்கள். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பளிச்சிடும். போனை ஆட்டோவில் விட்டால் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாமல் போகலாம்.

கேமரா ஆப்பில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடி என்று பூட்டிவிடுங்கள். ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 25 இருந்தால் அதுவே நல்லது. 30 மட்டும்தானா? பரவாயில்லை, ஷட்டர் சரியாக இருந்தால் போதும். வெளிச்சம் கூடினால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) குறையுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். எழுத்து ஓடும் எல்இடி போர்டு மட்டும் இதற்கும் மசியாது. அதை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

பத்து நொடி எடுத்து, கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பெரிதாக்கிப் பாருங்கள்.

மெரினாவில் எடுப்பவர்களுக்கு வேறு தலைவலி: காற்று. காலர் மைக்கோடு வரும் பஞ்சு உறை அங்கே செல்லாது, ரோம உறை வாங்கிவிடுங்கள்.