பிறமொழிக்காரரும் ‘ஆமென்’ சொல்ல: இரு மொழி ஆராதனைக்கான ஆயத்தம்

வேறு மொழி பேசும் குடும்பம் ஒன்று சபைக்கு வருகிறது. அன்போடு வரவேற்று உட்கார வைக்கிறோம். பிறகு ஆராதனை முடியும்வரை அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரிவதில்லை. “நீ பேசுகிறது இன்னதென்று அவன் அறியானே”, பிறகு எப்படி ஆமென் சொல்லுவான் என்று பவுல் கேட்டாரே (1 கொரிந்தியர் 14:16), அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை இது.

முதலில் மொழிபெயர்ப்பவரைத் தேடுங்கள். வந்தவர்களின் மொழி யாருக்குத் தாய்மொழியோ அவரே நல்லது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு நம் மொழி தெரிகிறதே என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள். தாயின் நோயையும் தகப்பனின் கண்ணீரையும் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது அதற்குப் பெரிய பாரம். கேட்பவர் மூன்று பேருக்குள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னால் போதும். அப்படி விடாமல் சொல்பவர் அரை மணி நேரத்தில் களைத்துவிடுவார், மாற்றிவிட இன்னொருவர் வேண்டும். கேட்பவர் அதிகமானால் மேடையில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அப்போது முப்பது நிமிடப் பிரசங்கத்தில் உங்கள் பங்கு பதினைந்து நிமிடம்தான். குறிப்பையும் அந்த அளவுக்கே தயார் செய்யுங்கள்.

மூன்று நாளுக்கு முன்பே வசனங்கள், பெயர்கள், பாட்டு வரிகள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வசனத்தை அவர் அந்த இடத்திலேயே மொழிபெயர்க்கக் கூடாது, தன் மொழி வேதாகமத்திலிருந்து வாசிக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” நமக்கு 23-ஆம் சங்கீதம், ரஷ்ய வேதாகமத்தில் 22. “சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” நமக்கு 51:10. சங்கீதத்தின் தலைப்பையும் வசனமாக எண்ணும் ஜெர்மன் வேதாகமத்தில் அது 51:12.

மேடையில் அதிகம் தடுக்குவது நம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில்தான் வரும். “தேடாதிருந்த நம்மை, நம் பாவத்தின் நடுவிலே, தம்முடைய ஒரே குமாரனை...” என்று நிறுத்தினால், வினையை முன்னே வைக்கும் மொழிக்காரர் எதைச் சொல்வார்? வினை முடிந்தபின் நிறுத்துங்கள்: “நாம் தேவனைத் தேடவில்லை. அவர் நம்மைத் தேடினார். தம் குமாரனை அனுப்பினார்.” அடுக்குமொழியும் சிலேடையும் எல்லை தாண்டாது. அவற்றை விட்டுவிடுவதில் நஷ்டம் இல்லை.

தமிழுக்கு மொழிபெயர்க்கும்போது வேறு கவனம் வேண்டும். பல மொழிகளில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். சபையைப் பார்த்துப் பேசினால் “நம்முடைய பாவங்கள்”, தேவனை நோக்கி ஜெபித்தால் “எங்கள் பாவங்கள்”. மாறிவிட்டால் ஜெபத்தில் தேவனையும் பாவிகளோடு சேர்த்துவிடுவோம், பிரசங்கத்திலோ எதிரே இருப்பவர்களை வெளியே தள்ளிவிடுவோம். ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். பேச்சுத் தமிழில் ஒருவரை நம்புவதும் நம்பிக்கை, வரப்போவதை எதிர்நோக்குவதும் நம்பிக்கை. ரோமர் 5:5-இல் “அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது” என்பது பின்னதைச் சொல்கிறது. மொழிபெயர்ப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பரமண்டல ஜெபத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் தொடங்கட்டும். சிலர் முந்தி முடிப்பார்கள். கடைசிக் குரல் ஓயும்வரை நடத்துபவர் காத்திருக்க வேண்டும். ஆமென், அல்லேலூயா இரண்டும் அநேகமாக எல்லா மொழிச் சபையிலும் ஒன்றுதான்.

வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போனால், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மொழிபெயர்ப்பவரைப் பார்த்து “இவருக்கு வலி இருக்கிறதா, கேளுங்கள்” என்றால், படுக்கையில் இருப்பவர் அங்கே இல்லாதவர்போல் ஆகிவிடுவார். குரலை உயர்த்துவதால் புரிதல் அதிகமாகிவிடாது. தலையாட்டுவது மரியாதைக்காகவும் இருக்கலாம், அதனால் புரிந்ததைத் திரும்பச் சொல்லக் கேளுங்கள். கை வைத்து ஜெபிக்குமுன் அனுமதி கேளுங்கள். முடிவில் அவரையே அவர் மொழியில் ஜெபிக்கச் சொல்லுங்கள். வலியில் வருவது தாய்மொழிதான். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் அருகில் இருந்து ஆமென் சொல்லலாம், எதற்காக ஜெபிக்கிறார் என்பதை முன்பே கேட்டறிந்திருந்தால்.

இரண்டு மூன்று மாதம் ஆனபின்னும் அவர்களை விருந்தாளிகளாகவே வைத்திருப்பதுதான் பல சபைகள் செய்யும் தவறு. எருசலேம் சபையில் தங்கள் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபடுகிறார்கள் என்று கிரேக்கு பேசியவர்கள் குறை சொன்னபோது ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). ஸ்தேவான், பிலிப்பு முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கமே பந்தி விசாரிப்பு போயிற்று. ஆகவே வேதபாடம் வாசிப்பதையும் காணிக்கை எடுப்பதையும் பந்தி பரிமாறுவதையும் அவர்களிடம் கொடுங்கள். வாசிப்பு அவர்கள் மொழியில் இருக்கட்டும், அன்றைக்கு மொழிபெயர்ப்பைக் காத்திருந்து கேட்பவர்கள் நாமாக இருப்போம்.