ஆய்வுக்குழு ஊருக்கு வருமுன் ஊரார் செய்ய வேண்டியவை

சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை என்று கணக்கெடுக்க வரும் குழு பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் வந்து இறங்கும். நடவுக் காலத்தில் அந்நேரம் தெருவில் இருப்பவர்கள் வயதானவர்களும், கூலிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாதவர்களும்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எழுதிக்கொண்டால் எண்ணிக்கை நிரம்பிவிடும். வயலுக்குப் போனவர்கள் மட்டும் கணக்கில் இருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் பேசி முடிக்க வேண்டியது நேரத்தை. பூட்டிய வீட்டுக்கு மூன்று முறையாவது வர வேண்டும், அதில் ஒருமுறை பொழுது சாய்ந்த பிறகு என்று கேளுங்கள்.

ஊரின் வேலை நாட்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறுவை நடவு ஜூன், ஜூலையில். சம்பா நடவு செப்டம்பர், அக்டோபரில். அதன்பின் களையெடுப்பு, அடைமழை. கிழக்குக் கடலோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆள் கிடைக்கும் என்று அந்த மாதங்களை மட்டும் பிடித்துக்கொள்ள விடாதீர்கள். அது வருமானம் இல்லாத காலம். ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்ற கேள்விக்கு அப்போது வரும் பதில் மற்ற மாதங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து ரத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. ஆறு மணிக்கு வயலுக்குக் கிளம்புகிறவர் அதற்குள் டீயோ நீராகாரமோ குடித்திருப்பார். ‘ஏதாவது சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் இல்லை என்பார், பொய்யில்லை; டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ‘டீ குடிச்சீங்களா, நீராகாரம் குடிச்சீங்களா’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ரத்தத்தை ஐந்தரைக்கே அங்கன்வாடியில் வைத்து எடுக்கலாம். முடியாதென்றால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (HbA1c) பார்க்கலாம், அதற்கு வெறும் வயிறு வேண்டாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கி, நாலைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஊராரின் உதவி அதிகம் பயன்படுவது இங்கேதான். ‘வேலைக்குப் போகிறீர்களா’ என்றால் நேற்று நாள் முழுக்க நாற்று நட்டவர்கூட ‘வீட்டுல சும்மாதான் இருக்கேன்’ என்பார். ‘போன ஏழு நாளில் எத்தனை நாள் கூலிக்குப் போனீங்க’ என்று மாற்றினால் சரியான பதில் வரும். ‘புகைப்பழக்கம் உண்டா’ என்பதில் வெற்றிலையோடு போடும் புகையிலை விழாது; தனிக் கேள்வி வேண்டும். மனச்சோர்வு என்று எழுதியிருந்தால் தூக்கம், பசி, வேலையில் நாட்டமின்மை என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். மாதவிடாய், வெள்ளைப்படுதல் பற்றிப் பெண்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் திண்ணையில் வைத்து அல்ல.

பட்டியலில் விடுபடுவோர் யார் என்பதும் ஊருக்குத்தான் தெரியும். குடும்ப அட்டையை வைத்து எடுத்தால் அட்டை இல்லாதவர்கள் போய்விடுவார்கள். வாய்க்கால் கரையில் குடியிருப்பவர்கள், செங்கல் சூளைக் குடும்பங்கள், அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகள், திருநங்கைகள், படுக்கையில் கிடப்பவர்கள் என்று ஒவ்வொரு தெருவாக எழுதுங்கள். எழுதுபவர்களும் ஒரே தெருக்காரர்களாக இருக்கக் கூடாது. ஊர்த்தெரு ஆள் காலனிக்குப் பட்டியல் போட்டால் பாதி வீடு விட்டுப்போகும்.

ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மதித்துவிட்டார்கள் என்பதற்காக யாரும் கையை நீட்ட வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி ஒவ்வொருவரிடமும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், குழுவைச் சேராத ஒரு சாட்சி விளக்கம் முழுவதையும் கூட இருந்து கேட்டுவிட்டுக் கையெழுத்திட வேண்டும்; கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது செல்லாது. இழந்த கூலியும் பஸ் செலவும் கேட்கலாம், நெறிமுறையில் இடமுண்டு. தொகைக்கு, ஆய்வை ஆராய்ந்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்பதால் ஆய்வு தொடங்குமுன்பே கேளுங்கள். மருந்தைச் சோதிக்கும் ஆய்வென்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) பதிவு எண்ணை வாங்கி, யாரைச் சேர்க்கிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள் என்று இணையத்தில் பாருங்கள். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், கல்லூரிப் பிள்ளை ஒருவர் உதவினால் போதும்.

ஒப்புதல் கேட்கும்போது ஆய்வை விளக்கித் தரும் தகவல் தாளின் ஒரு பிரதி வீட்டிலேயே இருக்கட்டும். அதில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். ஆய்வுக்குழு ஊரில் இருக்கும்போதே அந்த எண்ணுக்கு ஒருமுறை போன் போட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.