அவலாஞ்சியில் டிரவுட் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஜனவரி வந்தால் ஒரு வீடியோ அனுப்பிவிடுவான். உறைந்து கிடக்கும் ஏரியில் துளை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, ஒயிட்ஃபிஷ் என்ற மீன் ஒன்றை மேலே இழுத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்ததும் இங்கே ஊட்டியில் நாலு பேருக்குக் கை அரிக்கும். "நம்ம அவலாஞ்சியிலும் இப்ப உறைபனிதானே, போலாமா?"

முதல் தவறே அதுதான். நமக்கு உறைவது புல்வெளி, ஏரி உறையாது. அது கூடப் பரவாயில்லை. ஒயிட்ஃபிஷ் இலையுதிர் காலக் கடைசியிலேயே முட்டையிட்டு முடித்துவிடும். அவன் பனியில் துளை போடும்போது அதன் வேலை முடிந்திருக்கும். நம் ரெயின்போ டிரவுட் என்ற குளிர்நீர் மீன் முட்டையிடுவதே இந்தக் குளிர் மாதங்களில்தான். ஏரியை விட்டு ஓடைக்கு ஏறி, கூழாங்கல்லைக் குழி பறித்து முட்டையிடும். 10 டிகிரி குளிரில் அது பொரிக்க ஒரு மாதம் ஆகும். அந்த ஓடையில் கம்பூட்ஸ் போட்டு நடந்தால் என்ன ஆகும், யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரவுட் இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த மீன். 1860களில் மீன் ஆராய்ச்சியாளர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவரப் பார்த்து முடியாமல் போனது. 1907இல் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கிய பிறகுதான் ரெயின்போ இங்கே நிலைத்தது. வந்த மீன் என்றாலும் அதன் குணம் மாறவில்லை. தண்ணீர் 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் சௌக்கியம், 20ஐத் தாண்டினால் திணறல். அதனால்தான் கீழே மேட்டுப்பாளையம் பக்கம் பழகிய தூண்டில் வித்தை இங்கே பலிப்பதில்லை.

அங்கே கெண்டைக்கு மாவு உருண்டை கோர்த்து, தக்கையை மிதக்கவிட்டு, பீடி பற்றவைத்துக் காத்திருப்பார்கள். டிரவுட்டுக்கு மாவில் ஆசையில்லை. ஓடையில் அது தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, மிதந்து வரும் பூச்சியை லபக்கென்று பிடிக்கும். அப்படியானால் நாம் எங்கே நிற்க வேண்டும்? அதன் முதுகுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம். நான் சின்ன வயதில் இதைத் தெரியாமல் மேல்பக்கமிருந்து ஒய்யாரமாக நடந்து வருவேன். பெரியப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், தலையில் ஒரு தட்டு தட்டுவார். ஒருநாள் என்னைப் புதரோரம் மண்டியிட வைத்துக் காட்டினார். பாறை நிழலில் ஒரு முழ நீள மீன், வால் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. "இப்ப எழுந்திரு" என்றார். எழுந்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் மீன் இல்லை, வெறும் பாறைதான். நிழல் விழாவிட்டாலும் இதே கதைதான். ஒளி தண்ணீரில் வளைவதால், கரையில் நிமிர்ந்து நிற்கும் ஆளை மீன் பார்த்துவிடும், குனிந்தால் தப்பலாம். சிவப்பு ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரையில் தொம்தொம்மென்று நடப்பதும் அதற்குக் கேட்கும்.

அடுத்து, கை. சின்ன மீன் சிக்கினால் திருப்பி விடத்தான் வேண்டும். ஆனால் துண்டில் சுற்றி, அழுத்திப் பிடித்து, நாலு செல்ஃபி எடுத்துவிட்டு விட்டால் அது பிழைப்பது சந்தேகம். மேலிருக்கும் வழவழப்புதான் அதற்குக் கவசம். காய்ந்த கை பட்டால் உரிந்து போகும், பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்துக்கொண்டு, மீன் தண்ணீரில் இருக்கும்போதே தூண்டில் முள்ளை எடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள், தூண்டில் நரம்பை மீனின் வாயோரம் வெட்டிவிடுங்கள்.

அணைக்கட்டு ஓரம் இன்னொரு வம்பு. அவலாஞ்சி, எமரால்டு எல்லாம் குந்தா மின்திட்டத்து நீர்த்தேக்கங்கள். தண்ணீர் இறங்கிய இடத்தில் சேறு மேலே காய்ந்து தரை மாதிரியே தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே. குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு நடங்கள். மூடுபனி இறங்கினால் உடனே திரும்புங்கள், காட்டுமாடு பத்தடியில் நின்றாலும் தெரியாது.

அனுமதி விஷயத்தில் சந்து பொந்து தேடாதீர்கள். மீன்வளத் துறை, வனத் துறை இரண்டிடமும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தூண்டில் அப்புறம்.

சரி, முறைப்படி ஒன்று கிடைத்துவிட்டது. கெண்டையைப் போல உட்கார்ந்து செதில் சுரண்ட வேண்டாம். இதன் செதில் பொடிப்பொடி, தோலோடு சாப்பிடலாம். குடலை மட்டும் ஓடைக்கரையிலேயே எடுத்துவிடுங்கள், வீடு வரை வைத்தால் வயிற்றுச் சதை குழைந்துவிடும். அப்புறம் மிளகும் உப்பும் தடவிக் கல்லில் போட்டால் போதும். புளிக்குழம்பில் போட்டால் பெரியப்பா அடித்தே விடுவார்.