சென்சரை ஒப்பிடும்போது நாம் செய்கிற தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம். தாலி கட்டு முடிந்து சனம் பந்திக்குப் போய்விட்டது. படம் எடுக்க வந்த இரண்டு தம்பிமார் மணவறைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கமராக்களின் பின்திரைகளையும் அருகருகே பிடித்தபடி, கூறைப்புடவையின் மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, இது சோனி, அது கெனன். கெனனில எவ்வளவு நொய்ஸ் எண்டு பாருங்கோ" என்றார் ஒருவர். பார்த்தேன், கெனன் படத்தில் புள்ளி புள்ளியாகக் கரகரப்பு, வேறுபாடு தெரிந்தது. ஆனால் சோனியில் எஃப் 1.8 லென்ஸ், 1/100 செக்கன். கெனனில் எஃப் 4 ஸூம், 1/250 செக்கன். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிது, செக்கன் கூடினால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். கணக்குப் போட்டால், கெனனுக்குள் போன வெளிச்சம் சோனிக்குள் போனதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தத் தம்பி ஒப்பிட்டது வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்குகிற சில்லுகளான சென்சர்களை இல்லை, இரண்டு லென்ஸ்களையும் இரண்டு ஷட்டர் வேகங்களையும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். கொழும்பில் ஒரு நல்ல கமரா வாங்கப் பல இலட்சம் வேண்டும். கொம்பனி மாறினால் லென்ஸ், ஃபிளாஷ், பற்றரி எல்லாமே மாற வேண்டும். பிழையான ஒப்பீட்டை நம்பி ஒருவர் இவ்வளவையும் விற்றுப் புதிதாக வாங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

முதலில் நொய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பது விளங்க வேண்டும். காலி வீதி ஓரமாக நின்று கடந்துபோகிற ஓட்டோக்களை எண்ணுங்கள். சிறிது நேரத்துக்குள் சராசரியாக 4 வருகிறது என்றால், ஒரு தடவை 2 வரும், இன்னொரு தடவை 6 வரும். சராசரி 100 வரும் அளவுக்குக் கூடுதல் நேரம் நின்றால் ஏற்ற இறக்கம் 10 அளவில்தான் இருக்கும். 10,000 என்றால் 100. அதாவது பாதியாக இருந்த தடுமாற்றம் பத்தில் ஒன்றாகி, பிறகு நூறில் ஒன்றாகிறது. வெளிச்சமும் இப்படித்தான் துகள் துகளாக வந்து விழுகிறது. குறைவாக விழுந்தால் தடுமாற்றம் கூட, அதைத்தான் நொய்ஸ் என்கிறோம். இன்றைய கமராக்களில் முகம், புடவை போன்ற நடுத்தர வெளிச்சப் பகுதிகளில் தெரிகிற நொய்ஸின் பெரும்பகுதி இந்த வெளிச்சத்தின் நொய்ஸ்தான். சென்சரும் அதன் மின்சுற்றும் சேர்க்கிற சொந்த நொய்ஸ் ஆழ்ந்த நிழல்களில்தான் தலைகாட்டும். ஆகவே வெளிச்சத்தைச் சமப்படுத்தாத ஒப்பீடு எதுவானாலும் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

சமப்படுத்துவது எப்படி? கமராவை மனுவலில் போடுங்கள். அபேச்சர் (எஃப் எண் சொல்கிற திறப்பு), ஷட்டர் இரண்டும் இரண்டு கமராக்களிலும் ஒன்றாக இருக்கட்டும். கமராவைத் தானியங்கி முறையில் விட்டால் ஒவ்வொரு கொம்பனியின் அளவீட்டுமுறையும் தன் விருப்பப்படி ஷட்டரை மாற்றிவிடும். முடிந்தால் ஒரே லென்ஸை அடப்டர் போட்டு இரண்டிலும் பொருத்துங்கள். எஃப் எண் ஒன்றாக இருந்தாலும் லென்ஸின் கண்ணாடி விழுங்குகிற வெளிச்சம் லென்ஸுக்கு லென்ஸ் வேறுபடும்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் நம்பி விடாதீர்கள். இரண்டு கமராவிலும் 3200 என்று இருந்தால் இரண்டும் ஒன்று என்றுதான் நாம் நினைக்கிறோம். ஐஎஸ்ஓ 12232 என்ற தரநிலை ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளை அனுமதிக்கிறது. 2006 திருத்தத்தில் சேர்ந்த ஒரு முறைப்படி, தயாரிப்பாளரே தன் கமராவுக்குப் பொருத்தமான எண்ணைப் பரிந்துரைக்கலாம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கடைசியில் வரும் ஜேபெக் படம் சரியான வெளிச்சத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் ஒரே அபேச்சர், ஒரே ஷட்டர், ஒரே ஐஎஸ்ஓ எண் வைத்து எடுத்தாலும் ஒரு கொம்பனியின் படம் மற்றதைவிடக் கறுப்பாக வரலாம். ஃபுஜிஃபில்ம் கமராக்களைப் பற்றி இந்தப் பேச்சு பல காலமாக உண்டு. அங்கே செய்கிற பிழை, கறுப்பாக வந்த கமராவுக்கு ஷட்டரைத் தாழ்த்திக் கூடுதல் வெளிச்சம் கொடுத்துவிட்டு, "பார், இதில் நொய்ஸே இல்லை" என்று சொல்வது. ஷட்டரைத் தொடக் கூடாது. ஐஎஸ்ஓவை மாற்றியோ பிறகு கணினியில் தூக்கியோ வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள்.

எல்இடி விளக்கும் ஒரு கண்ணி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேட்ஸ், மலிவான எல்இடி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். மண்டபத்தில் 1/500 செக்கனில் இரண்டு கமராக்களால் எடுத்தால், ஒன்று விளக்கு உச்சத்தில் இருக்கும்போதும் மற்றது தாழ்ந்திருக்கும்போதும் பிடித்திருக்கும். ஒன்று கறுப்பாகவும் மற்றது வெளிச்சமாகவும் வரும், நிறமும் கொஞ்சம் மாறும். 1/50 அல்லது 1/100 வைத்தால் முழு ஏற்றத்தாழ்வும் உள்ளே வந்துவிடும். அதைவிட நல்லது யன்னல் வெளிச்சம், அதுவும் மேகம் ஓடாத நேரத்தில்.

அடுத்தது, நான் அடிக்கடி காண்கிற பிழை: நூறு வீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது. 2013இல் சோனி ஏ7ஆர் 36 மெகாபிக்சலோடு வந்தது. அடுத்த வருடம் ஏ7எஸ் 12 மெகாபிக்சலோடு வந்தது. இரண்டும் முழுச்சட்டக் கமராக்கள், சென்சரின் பரப்பு ஒன்றுதான். நூறு வீதத்தில் பார்த்தால் ஏ7ஆரின் படத்தில் நொய்ஸ் கூடத் தெரியும். காரணம், அந்தப் படத்தை நீங்கள் அகலவாட்டில் ஏறக்குறைய 1.7 மடங்கு கூடுதலாகப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். ஒன்றைப் பூதக்கண்ணாடியாலும் மற்றதை வெறுங்கண்ணாலும் பார்க்கிற மாதிரி. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, உதாரணத்துக்கு 12 அங்குலத்துக்கு 18 அங்குல அல்பப் பக்கம் ஒன்றின் அளவில் வைத்துப் பாருங்கள். கலியாண வேலையில் நாம் வழக்கமாகப் பாவிக்கிற ஐஎஸ்ஓக்களில் வேறுபாடு மிகச் சுருங்கிவிடும். ஏ7எஸ்ஸின் உண்மையான பலம் தெரிவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத இருட்டில், மிக உயர்ந்த ஐஎஸ்ஓக்களில்.

அளவு வேறான சென்சர்களுக்கு இது இன்னும் பொருந்தும். முழுச்சட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர், பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். ஏபிஎஸ்-சி என்கிற சிறிய சென்சர் சுமார் 23.5க்கு 15.6, பரப்பு 366 அளவில். அதே எஃப் எண், அதே ஷட்டர் என்றாலும் முழுச்சட்டத்தில் விழுகிற மொத்த வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல். ஃபுஜியின் ஏபிஎஸ்-சியை நிக்கோனின் முழுச்சட்டத்தோடு வைத்து "ஃபுஜி சென்சர் மட்டம்" என்று சொன்னால், நீங்கள் கண்டுபிடித்தது பரப்பளவுதான்.

கமரா மெருகூட்டாமல் சேமிக்கிற ரோ கோப்பு விடயத்துக்கு வருவோம். ஜேபெக்கில் ஒப்பிடக் கூடாது என்பது பலருக்குத் தெரியும், கமராவுக்குள்ளேயே நொய்ஸைத் துடைத்துவிடுகிறார்கள். ஆனால் ரோவும் எப்போதும் பச்சையாக வருவதில்லை. கெனன் ஆர்5 குறைந்த ஐஎஸ்ஓக்களில் ரோவிலேயே நொய்ஸைக் கொஞ்சம் மெழுகுகிறது என்பது அளவீடுகளில் தெரிந்தது. சோனியின் சில கமராக்கள் நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது) சின்ன நட்சத்திரங்களையும் நொய்ஸ் என்று எண்ணி அழித்ததால் வான்படம் எடுப்பவர்கள் பெரிதாகக் குறைப்பட்டார்கள். ஷட்டர் முறையும் கணக்கில் வரும். அதே ஆர்5, எலக்ட்ரோனிக் ஷட்டரில் 14க்குப் பதிலாக 12 பிட் ரோவைத்தான் எழுதும், பிட் குறைந்தால் வெளிச்சப் படிகளும் குறையும். ஒரு கமராவை மெக்கானிக்கலிலும் மற்றதை எலக்ட்ரோனிக்கிலும் வைத்து நிழலைத் தூக்கிப் பார்ப்பது நியாயமில்லை.

ரோவைத் திறக்கிற மென்பொருளும் ஒவ்வொரு கமராவுக்கும் வேறுவேறு அளவில் வெளிச்சம் ஏற்றும், நாம் கேட்காமலே நொய்ஸ் குறைக்கும். இரண்டையும் ஒரே மென்பொருளில் திறந்து, நொய்ஸ் குறைப்பையும் ஷார்ப்னிங்கையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகு பாருங்கள். நிறத்துக்கும் இதே கதைதான். "கெனனில் தோல் நிறம் நல்லா வரும்" என்ற பேச்சில் பெரும்பங்கு மென்பொருளின் நிறச் சுயவிபரத்துக்கும் (கலர் புரொஃபைல்) வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற வைட் பலன்ஸுக்கும் உரியது. நம் மாநிறத் தோலையும் கூறையின் சிவப்பையும் மஞ்சள் விளக்கில் எடுக்கும்போது, சிவப்பு அலைவரிசை மட்டும் முதலில் நிரம்பி மடிப்பெல்லாம் ஒரே சாயமாகிவிடும். அதற்குச் சென்சரில் குறை சொல்லாமல், எக்ஸ்போஷரை அரை ஸ்டொப் குறைத்துப் பாருங்கள் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது).

ஒரு முறை நண்பரும் நானும் வீட்டிலேயே இதைச் சோதித்தோம். கதிரையில் கூறைப்புடவை, முன்னால் ஒற்றைத் திரி ஏற்றிய குத்துவிளக்கு, பின்னால் விரித்த கறுப்புக் குடை. வேறு வேறு கொம்பனிகளின் மூன்று கமராக்கள், ஒரே அபேச்சர், ஒரே ஷட்டர். புடவைச் சரிகையில் எது எந்தக் கமரா என்று எங்கள் இருவராலுமே சொல்ல முடியவில்லை. குடையின் கறுப்பை நான்கு ஸ்டொப் தூக்கியதும் கதை மாறியது. ஒன்றில் துணியின் நெசவு தெரிந்தது, மிகப் பழைய கமராவில் நெசவுக்குப் பதிலாக நேர்கோடு நேர்கோடாக ஒரு வரி ஓடியது. உண்மையான சென்சர் வேறுபாடு இருக்கிற இடம் அதுதான்.

அந்த வேறுபாட்டையும் கொம்பனிப் பெயரில் ஒட்டக் கூடாது. 2012இல் நிக்கோன் டி800, கெனன் 5டி மார்க் 3 இரண்டும் வந்தன. சென்சர்களை அளந்த டிஎக்ஸ்ஓமார்க் தளத்தின் அளவீட்டில் டைனமிக் ரேஞ்ச், அதாவது ஒரே படத்தில் பிடிபடுகிற மிக இருட்டுக்கும் மிக வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சு, முறையே 14.4, 11.7 ஸ்டொப். கெனனில் நிழலுக்குள் விபரம் வராது என்ற பெயர் அப்போது நிலைத்துவிட்டது. ஆனால் 2016இல் வந்த 5டி மார்க் 4இல் சமிக்ஞையை எண்ணாக மாற்றுகிற வேலையைச் சென்சர் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள், அளவு 13.6க்கு ஏறியது. இன்றும் பழைய பெயரைச் சொல்லிப் புதிய கெனனை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்த டி800இன் சென்சரைத் தயாரித்தது சோனி. "நிக்கோன் சென்சரா சோனி சென்சரா" என்ற சண்டையில் பல சமயம் இரண்டு பக்கமும் ஒரே தொழிற்சாலைதான்.

புதியது எல்லாம் திறம் என்றும் இல்லை. 2024இல் வந்த நிக்கோன் இசட்6 3, வேகமாக வாசிப்பதற்காக மின்சுற்றின் ஒரு பகுதியை அடுக்கி வைத்த சென்சரைக் கொண்டது. அடிப்படை ஐஎஸ்ஓவில் அதன் டைனமிக் ரேஞ்ச் முந்திய இசட்6 2ஐ விடக் குறைவு. வேகமாக ஓடுகிற பிள்ளையை எடுப்பவருக்கு அது நல்ல பேரம், காலி முகத்திடலில் சூரியன் மறைவதை எடுத்து நிழலைத் தூக்குபவருக்கு அவ்வளவு இல்லை.

கமராக்களுக்குக் கொடுக்கிற மொத்தப் புள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக: டிஎக்ஸ்ஓமார்க்கின் சென்சர் கணக்கில் 5 புள்ளி என்றால் மூன்றில் ஒரு ஸ்டொப்தான். 96க்கும் 94க்கும் இடையில் சண்டை பிடிக்க எதுவும் இல்லை.

நம் ஊர் வெயிலையும் மறக்க வேண்டாம். சென்சர் சூடேறினால் இருட்டிலும் மின்னோட்டம் கூடும், நீண்ட எக்ஸ்போஷரிலும் நெடுநேர வீடியோவிலும் புள்ளிகள் தெரியும். ஒரு கமராவை ஏசி அறையில் இருந்தும் மற்றதை அரை மணி நேரம் வீடியோ ஓடிய பிறகும் எடுத்து ஒப்பிடாதீர்கள். ஏசியில் இருந்து வெளியே வந்த உடனேயும் வேண்டாம், லென்ஸில் படிகிற ஈரம் படத்தை மங்கலாக்கும்.

சரி, பம்பலப்பிட்டியில் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நினைவட்டையும் ஒரு கறுப்புத் துணியும் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டு, துணியைக் கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கமராவிலும் எஃப் 4, 1/50 செக்கன், ரோ, மெக்கானிக்கல் ஷட்டர் என்று வைத்து, ஐஎஸ்ஓ 100இல் ஒன்றும், பிறகு வெளிச்சம் நிரம்பி வழியாதபடி அபேச்சரை இரண்டிலும் ஒரே அளவு சுருக்கி 6400இல் ஒன்றும் எடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரே மென்பொருளில், ஒரே அளவில் திறவுங்கள். ஐஎஸ்ஓ 100 படத்தில் துணியின் கறுப்பைத் தூக்கிப் பாருங்கள், 6400 படத்தில் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பாருங்கள். எந்தக் கமரா எது என்று தெரியாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டி, எது நல்லது என்று கேளுங்கள். அவருக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால், கையில் எது நன்றாகப் பிடிபடுகிறதோ அதை வாங்குங்கள், மிச்சக் காசில் ஒரு நல்ல லென்ஸ் எடுக்கலாம்.